கோர்படிக்குக் கடல் வந்த விதம்

புனேயின் கோர்படியில் கடல் மாலை ஏழு மணிக்கு வரும், பத்து மணி வாக்கில் வடியும். மழைக்காலத்தில் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். புனேயிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் மலை இறங்கிக் கொங்கணத்துக்கு அரைநாள் வண்டி ஓட்ட வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே இது எங்கிருந்து வருகிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. அதற்கு இங்கே யாரும் சரியான பதில் சொன்னதில்லை, சொல்ல முயன்றதும் இல்லை. யார் வீட்டுக் கடல் என்று கேட்டால் மட்டும் ரயில்வே கேட் பக்கத்துப் பான்கடைக்காரர் வெற்றிலை தடவும் கையை எடுக்காமல் முகவாயால் காட்டுவார்: அதோ அந்த மூன்றாம் மாடி, பச்சைக் கிரில், டெக்ஸ்டர் வீடு.

டெக்ஸ்டர் ரயில்வே ஆபீசில் வேலை பார்ப்பவன். குடும்பத்துக்குப் பூர்வீகம் நாசரேத் பக்கம். ராணுவக் கன்டோன்மெண்டில் வேலை கிடைத்து வந்த தலைமுறையோடு அந்தத் தொடர்பு விட்டுப்போயிற்று. வீட்டில் தமிழ், படிக்கட்டில் மராத்தி, ஆபீசில் இந்தி, கோபம் வந்தால் மூன்றும். அவன் மனைவி கரோலின் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆனால் கோர்படித் தமிழர்கள் அவளை அறிந்திருந்தது கணக்கால் அல்ல, குரலால். சர்ச்சில் நடக்கும் தமிழ் ஆராதனையில் பாட்டின் கடைசிச் சுரத்தை அவள் பிடித்துக்கொண்டால், ஆர்மோனியம் வாசிக்கும் ஆபிரகாம் கையை எடுத்துவிட்டு, பின்பக்கம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பி வந்து உட்காரலாம் என்று சபையில் கேலி செய்வார்கள். ஆபிரகாம் ஒருநாளும் அப்படிப் போனதில்லை. போகலாம் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

கொரோனாவின் இரண்டாம் அலையில் கரோலின் பிழைத்தாள், அவளுடைய நுரையீரல் பிழைக்கவில்லை. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது தழும்பு, தழும்பு விரியாது, போகப் போகச் சுருங்கத்தான் செய்யும் என்றார். அதற்குப் பிறகு வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் வந்து உட்கார்ந்தது. இரவும் பகலும் அது கிரைண்டர் மாதிரி ஓடிக்கொண்டிருக்க, மூக்கில் குழாயோடு கரோலின் ஜன்னல் ஓரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்துப் பேசினாள். பாட்டைப் பற்றி யாரும் அவள் முன்னால் பேசுவதில்லை. சபையில் அவள் நின்ற இடத்தில் வேறு யாரையும் நிறுத்தவும் இல்லை, அதுதான் அவர்களால் முடிந்தது.

படுத்திருப்பவளுக்குப் பார்க்க ஏதாவது வேண்டுமே என்றுதான் டெக்ஸ்டர் அந்த மீன்தொட்டியை வாங்கினான். முதலில் சாதாரண மீன், பிறகு உப்புத் தண்ணீர், பிறகு பவளம் என்று கிறுக்கு படிப்படியாக முற்றியது. பவளம் வளர்ப்பது நாய் வளர்ப்பதைவிடக் கஷ்டம். சுத்திகரித்த தண்ணீரில் உப்புத்தூளைக் கரைக்க வேண்டும், சூடு ஒரு டிகிரி ஏறக் கூடாது, எந்தப் பவளத்துக்கு எந்த வெளிச்சம், எவ்வளவு நீரோட்டம், பக்கத்துப் பவளத்திலிருந்து எத்தனை விரற்கடை என்று பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். இடம் தப்பினால் செத்துப்போகும், அல்லது அடுத்ததைக் கொட்டிக் கொன்றுவிடும். தன் இரத்தக் கொதிப்பை ஒருநாளும் அளந்து பார்க்காத டெக்ஸ்டர் தொட்டியின் கால்சியத்தை வாரம் தவறாமல் அளந்தான். சாயங்காலம் நீல விளக்கு எரியும்போது கரோலின் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு கோமாளி மீன்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்தக் கிறுக்கில் அவனுக்குக் குருவாகவும் சண்டைக்காரராகவும் வாய்த்தவர் ஊரின் மறுகோடியில் சாங்வியில் இருந்த ரங்கராஜன். வங்கியில் மேனேஜர், பூர்வீகம் கும்பகோணம். புனேயில் பவளம் வளர்க்கும் அத்தனை பேரும் ஒரு வாட்ஸப் குழுவில் இருந்தார்கள். யாராவது ஒரு மங்கலான படத்தைப் போட்டால் போதும், ரங்கராஜன் ஆபீசில் எந்த மீட்டிங்கில் இருந்தாலும் அதன் லத்தீன் பெயரைச் சொல்லிவிடுவார். அவர் வாயிலிருந்து “தெரியாது” என்ற வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. அவருடைய பழைய தொட்டியைப் பிரித்தபோது ஒரு கல்லை டெக்ஸ்டருக்குக் கொடுத்தார். வெறும் கல்தான். ஒரு மூலையில் காய்ந்த சுக்குத் துண்டு போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது, அதை இருவரும் கவனிக்கவில்லை.

கவனித்தது கரோலின். நாள் முழுக்கத் தொட்டிக்கு எதிரே கிடப்பவள் அவள்தானே. ஒரு நாள் சுக்கின் நுனி கொஞ்சம் வெடித்து, உள்ளே வெற்றிலைக் கொழுந்தின் பச்சையில் ஏதோ எட்டிப் பார்த்தது என்று சொன்னாள். டெக்ஸ்டர் பூதக்கண்ணாடியோடு முட்டி போட்டான். நீல விளக்கில் அந்தப் பச்சை நெருப்பு மாதிரி ஜொலித்தது. படம் எடுத்து அனுப்பினான். ரங்கராஜன் உடனே ஒரு பெயர் சொன்னார். மறுநாள் நன்றாகத் தெரியும் படத்தைப் பார்த்துவிட்டு வேறு பெயர் சொன்னார், முந்தினதைத் தான் சொல்லவே இல்லை என்றார். மூன்றாம் தடவை சாங்வியிலிருந்து நேரிலேயே வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பவள எலும்பின் வரிகளை எண்ணி, முன்னே சொன்ன இரண்டுமே அல்ல என்று தீர்ப்புச் சொன்னார்.

“சந்தேகமே வேண்டாம் ஓய். இத்தனை பச்சை இருக்கோல்லியோ, இது மேல்மட்டத்துப் பவளம். வெயில்லயே வளர்ந்த ஜாதி. விளக்குக்கு நேர் கீழ, உச்சிக் கல்லுல வையுங்கோ.”

டெக்ஸ்டரும் அப்படித்தான் நினைத்தான். நிறம் இருந்தால் வெளிச்சம் வேண்டும் என்று நினைப்பது பவளம் வளர்ப்பவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு. புதிதாக வந்ததைக் கொஞ்ச நாள் அடியில் மணலில் வைத்து, பழகப் பழக மேலே ஏற்ற வேண்டும் என்ற சம்பிரதாயத்தைக்கூட அவன் அன்று மறந்தான். பிசின் வைத்து உச்சிக் கல்லில் ஒட்டினான். பவளம் நுனி மட்டும் வெளியே தெரிய மூடிக்கொண்டது. அன்று மாலை ஏழு மணிக்கு, நீல விளக்கு எரிந்த கையோடு, வீட்டுத் தரையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது.

தொட்டி விரிசல் விட்டது என்றுதான் முதலில் பயந்தான். தொட்டியில் ஒரு சொட்டுக் குறையவில்லை. தரை துடைக்கும் போச்சாத் துணியை எடுத்துத் துடைத்தான், துணி நனையவில்லை. கையை விட்டுப் பார்த்தான், குளிர்ந்தது. எடுத்தால் கை காய்ந்திருந்தது. நாக்கில் வைத்தால் உப்பு. கரோலினின் செருப்பு கட்டிலடியிலிருந்து மிதந்து கூடத்துக்குப் போய், சுற்றி, திரும்பி வந்தது. பத்து மணிக்குத் தண்ணீர் எந்த ஓட்டை வழியாகவும் போகாமல் அப்படியே இல்லாமல் போனது. டெக்ஸ்டர் இதை யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? தினமும் ஏழு மணிக்குத் தண்ணீர் வந்தது. ஆபீஸ் விட்டு வந்ததும் அவன் பேண்டை மடித்துவிட்டுக்கொள்ளப் பழகினான், நனையாது என்று தெரிந்தும்.

ஒரு வாரம் ஆனதும் கரோலின் சொன்னாள். சொல்லி முடிக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

“ஏங்க... அதுக்கு வெளிச்சம் ஆகல. கண்ணு கூசுத பிள்ள மாதிரி... பாதி மூடிட்டே கெடக்கு. அத கீழ எறக்குங்க.”

“ரங்கராஜன் சார் மேலதான வைக்கச் சொன்னாரு?”

“அவரு பேரப் பாக்காரு. நான்... அதப் பாக்கேன். அதுக்கு... மூச்சு முட்டுது.”

மூச்சு முட்டுவது எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் அவளுக்கு மேல் தெரிந்தவர் யாரும் இல்லை. டெக்ஸ்டர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பவளத்தைப் பெயர்த்து, நடுக்கல்லில் வைத்தான். அன்று மாலை தண்ணீர் இடுப்பளவு வந்தது. மறுநாள் அடியில், பெரிய கல்லின் நிழலில், நீரோட்டம் மெதுவாகப் போகும் பள்ளத்தில் மணலோடு மணலாக இறக்கினான். கரோலின் விரலால் “இன்னும், இன்னும் உள்ளே” என்று காட்டிக்கொண்டே இருந்தாள். கல்லுக்கு அடியில் முழு இருட்டில் அதை விட்டுவிட்டுக் கையை எடுத்தான்.

ஏழு மணிக்குப் பவளம் விரிந்தது. இத்தனை சிறிய சுக்குக்குள் அத்தனை இதழ்கள் எப்படி மடிந்திருந்தன என்று கேட்கத் தோன்றும்; கல்லின் அடியிலிருந்து பச்சை விரல்கள் வெளியே நீண்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டி முழுக்க அசைந்தன. தண்ணீர் கட்டிலின் காலைத் தொட்டது, மெத்தையைத் தொட்டது, நிற்கவில்லை. டெக்ஸ்டர் பதறிப்போய் அவளைத் தூக்க ஓடினான். ஓட முடியவில்லை, கால் எம்பியது. தண்ணீர் அவள் மார்பைக் கடந்தது, கழுத்தைக் கடந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கூரை வரை கடல்.

கரோலின் மூச்சை இழுத்தாள். பல மாதங்களில் முதல் முறையாக அந்த மூச்சு எங்கும் இடிக்காமல் உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது, அடிவயிறு வரை போனது. அவள் கூந்தல் மேலே எழுந்து விரிந்தது. மூக்குக் குழாயைக் கழற்றினாள். கோமாளி மீன்கள் தொட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்து, கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, டெக்ஸ்டரின் டிபன் டப்பாவுக்குள் புகுந்துகொண்டன. மின்விசிறி மிக மெதுவாகச் சுற்றியது. அறையின் மறுகோடியில், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லாத அந்த மூலையில், மிகப் பெரிதாக ஏதோ திரும்பிப் படுத்தது. அதன் நிழல் கூரையைக் கடக்க வெகுநேரம் ஆயிற்று. டெக்ஸ்டருக்கும் மூச்சு நன்றாகத்தான் வந்தது. ஆனால் அவனுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. கரோலின் எழுந்து ஜன்னலுக்கு நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு, கூரையில் தலை முட்டியபடி அவன் மிதந்துகொண்டிருந்தான்.

அந்த மூன்று மணி நேரம் இழுத்த மூச்சு அவளுக்கு மறுநாள் மாலை வரை போதுமாயிருந்தது. மாலை கடல் வந்தால் மறுபடி நிரப்பிக்கொள்வாள். மெஷினை அணைத்து, மேலே துணி போட்டு மூடினார்கள். அவள் சமையலறைக்குப் போனாள், படிக்கட்டு இறங்கினாள், பிறகு பள்ளிக்கூடத்துக்கும் போனாள். பாடவில்லை. கிடைத்ததைச் செலவழிக்கப் பயமாக இருந்தது என்று பிற்காலத்தில் சொன்னாள். டாக்டர் புதிய படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தழும்பு அப்படியேதான் இருந்தது. படம் படமாக இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கீழ்வீட்டு மராத்தி அம்மாள் பெண்ட்சே காக்கு ஒருநாள் மேலே வந்து கதவைத் தட்டினார். புனேயில் கீழ்வீட்டுக்காரர் மேல்வீட்டுக் கதவைத் தட்டினால் காரணம் ஒன்றுதான். “பாணி களதய்!” என்று தண்ணீர் ஒழுகலைப் பற்றி ஆரம்பித்தவர், தன் வீட்டுக் கூரையில் ஈரமே இல்லை, ஆனால் மீன்களின் நிழல் ஓடுகிறது, குடியிருப்பு சொஸைட்டி மீட்டிங்கில் இதை எந்தப் பிரிவில் கொண்டுவருவது என்று கேட்டார். கேட்டுக்கொண்டே வாசற்படியைத் தாண்டினார். அப்போது மணி ஏழே கால். நாற்காலியில் உட்கார்ந்தார், நாற்காலியோடு கொஞ்சம் எழும்பினார். காலை ஆட்டிப் பார்த்தார். “கிதீ ஷாந்த,” என்றார் கடைசியில், எவ்வளவு அமைதி என்று. மறுநாளிலிருந்து அவரும் ஏழு மணிக்கு வந்துவிடுவார், வரும்போது ஆய வேண்டிய கீரையையும் எடுத்துக்கொண்டு. கடலுக்குள் ஆய்ந்தால் மண் தானாகப் போய்விடுகிறது என்பார்.

ஒரு வருஷம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. பவளம் பெருத்துக் கல்லை மூடியது. பவளம் வளர்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வளர்ந்த பவளத்தை வெட்டித் துண்டு போட்டு மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். தர்மத்துக்காக அல்ல. நாளைக்கு நம் தொட்டி கெட்டுப்போனால், கொடுத்த துண்டு எங்கேயாவது உயிரோடு இருக்கும், போய் வாங்கிக்கொள்ளலாம். இதற்குள் கடலுக்குப் பழகிப்போயிருந்த ரங்கராஜன் ஒரு மாலை அதற்குள் உட்கார்ந்து டீ குடித்தபடி கேட்டார்.

“ஒரு துண்டு குடுங்கோ ஓய். கல்லு என்னோடதுதானே.”

டெக்ஸ்டர் தொட்டியைப் பார்த்தபடி, இன்னும் வளரட்டும் சார் என்றான். அடுத்த மாதமும் அதையே சொன்னான். வெட்டுப்பட்ட பவளம் சில நாள் மூடிக்கொள்ளும். முழுக்க மூடிக்கொண்டால் கடல் வராது. கடல் வராத மாலைகளில் கரோலின் என்ன செய்வாள்? இதை அவன் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் ரங்கராஜன் புரிந்துகொண்டிருப்பார். சொல்லவில்லை. துண்டு போட்டால் கடலும் துண்டாகிவிடும், தன் வீட்டுக்குக் குறைந்துவிடும் என்ற பயமும் உள்ளே இருந்தது, அதை எப்படிச் சொல்வது? மூன்றாம் முறை கேட்டபோது டெக்ஸ்டரின் குரல் தடித்தது. ரங்கராஜன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு அவர் கோர்படிக்கு வரவில்லை, குழுவில் டெக்ஸ்டர் போடும் படங்களுக்குப் பெயரும் சொல்லவில்லை.

கரோலினுக்கு இது பொறுக்கவில்லை. கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். டெக்ஸ்டர் கேட்காத மாதிரி தண்ணீரின் உப்பை அளந்தான். ஆகவே அவன் ஆபீஸ் போன ஒரு காலையில் பெண்ட்சே காக்குவைக் கூப்பிட்டு, பாக்குவெட்டியைக் கழுவி, கல்லுக்குப் பின்புறமாக, வெளியே தெரியாத கிளை ஒன்றைத் தானே வெட்டினாள். காக்குவின் மகள் வீடு அவுந்தில். அங்கே போகிற சாக்கில் சாங்வி வரை போய், ரங்கராஜன் கையில் கொடுத்து, டெக்ஸ்டரிடம் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு காக்கு திரும்பினார். பவளம் மூடிக்கொண்டது. கிட்டத்தட்ட ஒரு வாரம் கடல் வரவில்லை. கரோலின் மறுபடி குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு, இரவுகளில் உட்கார்ந்தபடியே தூங்கி, பனிக்காலம், அதனால்தான் என்று சொன்னாள். டெக்ஸ்டர் அதை நம்பி, தொட்டியின் சூடேற்றியை மாற்றினான். சாங்வியில் ரங்கராஜன் துண்டைச் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், இருட்டில், ஒரு கண்ணாடி ஜாடியில் வைத்துக் காவல் காத்தார். அவர் வீட்டில் முழங்காலளவுக் கடல் வந்தது. யாருக்கும் படம் அனுப்பவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய தியாகம் என்று புரியும்.

அடுத்த ஜூனில், மழை தொடங்கிய வாரம், இடி விழுந்து டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தது. மரங்கள் சாய்ந்து கம்பிகள் அறுந்து, இரண்டு நாள் மின்சாரம் இல்லை. டெக்ஸ்டர் வீட்டில் ஒரே ஓர் இன்வெர்ட்டர்தான். அதில் தொட்டியின் பம்பை மாட்டினால் பவளம் பிழைக்கும். மெஷினை மாட்டினால் கரோலின் அந்த நிமிஷம் மூச்சு விடுவாள். முதலில் பம்பை மாட்டினான். கடல் வந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று காத்திருந்தான். ஏழு மணி வந்தது, கடல் வரவில்லை. பவளம் பயந்து மூடியே கிடந்தது. கரோலினின் உதடு நீலமாவதைப் பார்த்ததும் பம்பைப் பிடுங்கிவிட்டு மெஷினை மாட்டினான். அதைச் செய்யும்போது தொட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் பவளம் வெளுத்து, சளி போலக் கரைந்து, வெறும் எலும்பாக நின்றது. மீன்களை வாளியில் எடுத்து விட்டான். மத்தியானம் இன்வெர்ட்டரும் கை விரித்தது. பிறகு ஆம்புலன்ஸ்.

ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டு முழு வேகத்தில் காற்றைத் திறந்துவிட்டும் அவளுக்குப் போதவில்லை. அந்த வார்டு முழுக்க மூச்சுக்காரர்கள்தான். எல்லாக் கட்டிலிலிருந்தும் இழுப்பும் விசிலுமாகச் சத்தம் வந்தது. டாக்டர் டெக்ஸ்டரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய், சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். அவன் திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பவளம் போய்விட்டதை அவளிடம் சொல்லாமல் இருக்கப் பார்த்தான். அவள் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினாள்.

“சாங்விக்கு... போன் போடுங்க.”

“இப்ப எதுக்குட்டி?”

“ஒரு துண்டு... அங்க இருக்கு. நான்தான்... குடுத்தேன்.”

போன் ஒரே மணியில் எடுக்கப்பட்டது. டெக்ஸ்டர் மன்னிப்பில் ஆரம்பிப்பதா, கெஞ்சலில் ஆரம்பிப்பதா என்று திணறுவதற்குள் ரங்கராஜன் கத்தினார், பின்னால் மழைச் சத்தம்.

“ஆம்புலன்ஸ் வந்தப்போவே காக்கு சொல்லிட்டா ஓய்! பஸ் ஸ்டாப்புலதான் நிக்கறேன். ரோடெல்லாம் மரம், ஆட்டோக்காரன் எவனும் வரமாட்டேங்கறான். வையுங்கோ போனை, பஸ் வந்துடுத்து.”

அந்த பஸ் பயணத்தைப் பற்றிப் பல விதமாகச் சொல்கிறார்கள். எல்லாரும் ஒத்துக்கொள்வதை மட்டும் இங்கே சொல்லலாம். ரங்கராஜன் மடியில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு இருந்தது, அதன்மேல் குடைத்துணி சுற்றியிருந்தது. பஸ் முழுக்க ஆபீஸ் விட்ட கூட்டம். அவுந்து தாண்டி, சிவாஜிநகர் வருவதற்கு முன் மணி ஏழு ஆயிற்று. தூக்கின் மூடி தானாக எழும்பியது. கடல் முதலில் படிக்கட்டில் தொங்கியவர்களின் காலைத் தொட்டு, இருக்கைகளை மூடி, கூரை வரை ஏறியது. ஒரு பெண்ணின் பையிலிருந்து வெந்தயக்கீரை ஒவ்வோர் இலையாக எழுந்து அவள் தலையைச் சுற்றி நின்றது. நின்றுகொண்டிருந்தவர்களுக்குக் கால்வலி போயிற்று. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தாமல், கூட்டத்துக்கு மேலாக நீந்திப் பின்பக்கம் போனார். டிரைவர் கண்ணாடியைத் துடைக்கும் கம்பியை நிறுத்திவிட்டார், வெளியேயும் கடல்தான். தெருவிளக்கு எரியாத சாலையில், சாய்ந்த ஆலமரங்களின் கிளைகள் பாசிபோல அசைய, பஸ்ஸுக்கு இணையாக ஏதோ ஒன்று, பஸ்ஸைவிட நீளமாக, அவசரமே இல்லாமல் கூட வந்தது. அதன் கண் ஒவ்வொரு ஜன்னலாகக் கடந்தது. குழந்தைகள் கைகாட்டினார்கள். யாரும் இறங்கவில்லை, தங்கள் நிறுத்தம் வந்தும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ரங்கராஜன் இறங்க வழிவிட்டார்கள். அந்த வழித்தடத்தில் இன்றைக்கும் ஏழு மணிக்கு முழங்காலளவுக் கடல் நிற்பது அன்று சிந்தியதுதான்.

அவர் வார்டுக்குள் வந்தபோது செருப்பைக் கையில் பிடித்திருந்தார். டெக்ஸ்டர் தூக்கை வாங்கினான். கட்டில் பக்கத்து மேசையில் வைப்பதா, ஜன்னலிலா, விளக்குக்குக் கீழேயா? இத்தனை வருஷம் வெளிச்சத்தையும் ஓட்டத்தையும் அளந்தவனுக்கு அந்த நேரம் ஒன்றும் தோன்றவில்லை. “மேலயா, கீழயா?” என்றான். கரோலின் கண்ணைத் திறக்காமல் ஒரு விரலை மட்டும் தரையைப் பார்த்துக் காட்டினாள். கட்டிலுக்கு அடியில், மலச்சட்டிக்குப் பக்கத்தில், விளக்கு எட்டாத இருட்டில் தூக்கை வைத்து மூடியைத் திறந்தான்.

ஈரமில்லாத கடல் வார்டுக்குள் வந்தது. சக்கரக் கட்டில்கள் மெதுவாக எழும்பின. குளுக்கோஸ் சொட்டுவதை நிறுத்தி, முத்து முத்தாகக் குழாயை விட்டு மேலே போயிற்று. கடல் கரோலினின் முகத்தைக் கடந்து, பக்கத்துக் கட்டிலைக் கடந்து, கடைசிக் கட்டில் வரை போய்ச் சுவரில் தட்டித் திரும்பியது. இழுப்பும் விசிலும் ஒவ்வொரு கட்டிலாக நின்றன. அத்தனை நோயாளிகளும் ஒரே சமயத்தில் மூச்சை உள்ளே வாங்கினார்கள், வார்டே ஒருமுறை நெஞ்சு விரித்த மாதிரி இருந்தது. டூட்டி நர்ஸ் தன் தொப்பியை எட்டிப் பிடித்து மறுபடி குத்திக்கொண்டாள். கரோலின் முகமூடியைக் கழற்றி, எழுந்து உட்கார்ந்து, டெக்ஸ்டரைப் பார்த்தாள்.

“அன்னைக்கே நான் தலபாடா அடிச்சிக்கிட்டேன், வெட்டிக் குடுங்க, வெட்டிக் குடுங்க, நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா நாலு வீட்டுல இருக்கும்னு, கேட்டீங்களா, அந்த மனுசன் கல்ல வாங்கிட்டு அந்த மனுசன்ட்டயே மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இத்தன மாசம் திரிஞ்சீங்களே, இப்ப யாரு கொண்டாந்தா பாத்தீங்களா!” என்றாள்.

இவ்வளவையும் எங்கும் நிறுத்தாமல், ஒரே மூச்சில். டெக்ஸ்டர் அழுதான். கடலுக்குள் அழுதால் வெளியே தெரியாது என்பது ஒரு வசதி. கொஞ்சம் தெளிந்ததும், பேச்சை மாற்ற வேண்டுமே என்று, கட்டிலடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ரங்கராஜனிடம் கேட்டான்.

“இது என்ன பவளம் சார், கடைசியா?”

ரங்கராஜன் கண்ணாடியைக் கழற்றினார். பச்சை விரல்கள் தூக்கின் விளிம்பைத் தாண்டி, கட்டிலின் இரும்புக் காலைச் சுற்றிக்கொண்டிருந்தன.

“தெரியலை ஓய்,” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு டெக்ஸ்டர் தானே பாக்குவெட்டியை எடுத்தான். பவளம் சற்று வளர்ந்ததும் முதல் துண்டு பெண்ட்சே காக்குவுக்கு, பிஸ்கட் ஜாடியில். இரண்டாவது அந்த வார்டுக்கு. பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தான், கேட்காதவர்களுக்கும் கொடுத்தான். ஊருக்கு வெளியே கடக்வாஸ்லாவில் ராணுவக் குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு சுபேதார் வீட்டம்மாவுக்குக் கொடுத்தது, அணைக்கட்டுப் பக்கம் இப்போது பெருங்கடலாகவே இருக்கிறது. துண்டு போட்டதில் கடல் துண்டாகவில்லை. வீட்டுக்கு வீடு வந்த கடல்கள் ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேர்ந்துகொண்டன. கொடுக்கும்போதெல்லாம் அவன் ஒரே விஷயத்தைச் சொல்லுவான்: பச்சையைப் பார்த்து ஏமாறாதீர்கள், கீழே வையுங்கள், இருட்டில் வையுங்கள். கோர்படிக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களிடம் வீட்டுக்காரர்கள் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்வதோடு இதையும் சொல்லிவிடுகிறார்கள். ஏழு மணிக்குக் கடல் வரும், மாடியில் துணி காய்ந்தால் இரட்டை கிளிப் போடுங்கள், குழந்தைகளை மொட்டை மாடிக்கு அனுப்பாதீர்கள், திமிங்கலம் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிவிட்டுத்தான் விடும்.

போன கிறிஸ்துமஸுக்குத் தமிழ் ஆராதனையை மாலைக்கு மாற்றி வைத்தார்கள். காரணம் எல்லாருக்கும் தெரியும். ஏழு மணிக்குக் கோவிலின் கதவு வழியாகக் கடல் வந்து, பெஞ்சுகளை மூடி, மெழுகுவர்த்திகளை மூடி, அணைக்காமல் மேலே போயிற்று. கரோலின் தன் பழைய இடத்தில் நின்றாள். பாட்டு முடிந்து கடைசிச் சுரத்தை அவள் பிடித்தாள். ஆபிரகாம் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். எழுந்து பின்பக்கம் போய், பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு, கடலுக்குள் நின்றபடி நிதானமாகத் தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார். கரோலின் இன்னும் அந்தச் சுரத்தில்தான் இருந்தாள்.